விரல் நுனியில் ஒரு துளி: ஊசியும் பேனாவும் ஆளுக்கு ஒன்று



ஜாசின், அலோர் காஜா பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு, தோட்டத்து டிரெசர் விரலைக் குத்தி இரத்தம் எடுத்தது நினைவிருக்கலாம். அன்று அது மலேரியாக் காய்ச்சலுக்காக. இன்று அதே விரலை இனிப்பு நீருக்காகக் குத்துகிறோம். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டுப் பெரியவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு மேல் நீரிழிவு இருந்தது. பல வீடுகளில் கணவன், மனைவி இருவருக்கும் உண்டு.

அப்படிப்பட்ட வீட்டில் குத்தும் பேனா ஒன்றுதான் இருக்கும். "ஊசியை மாற்றிவிடுகிறோமே, பேனா ஒன்றாக இருந்தால் என்ன?" என்று கேட்பீர்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. பேனாவின் வாய் விரலைத் தொடுகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தம் அதில் ஒட்டியிருக்கலாம். கல்லீரலைக் கெடுக்கும் ஹெப்படைடிஸ் பி கிருமி, உடம்புக்கு வெளியேயும் குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கக்கூடியது. 2003, 2004-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் சில முதியோர் இல்லங்களில், சர்க்கரைப் பரிசோதனையின் வழியாகவே இந்தக் கிருமி பரவியது. ஆகவே, குடும்பத்துக்குள்ளும் பேனாவைப் பகிராதீர்கள். அளக்கும் கருவியும் தனித்தனியாக இருப்பதே நல்லது.

வீட்டில் குத்தும்போது இப்படிச் செய்யுங்கள்:

1. சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவி, நன்றாகத் துடையுங்கள். மாம்பழமோ டுரியானோ தொட்ட கையோடு குத்தினால், பழச் சர்க்கரை கலந்து அளவு கூடுதலாகக் காட்டும். ஈரக் கையாக இருந்தால் இரத்தம் நீர்த்துவிடும்.

2. ஒவ்வொரு முறையும் புது ஊசி போடுங்கள். பழைய ஊசி மழுங்கியிருக்கும், வலியும் கூடும்.

3. நடுவிரல் அல்லது மோதிர விரலின் பக்கவாட்டில் குத்துங்கள். நுனியின் நடுவில் வலி அதிகம். தினமும் இடத்தை மாற்றுங்கள். பால்மரம் வெட்டிக் காய்த்த விரலானால், பேனாவின் ஆழ எண்ணை ஒன்று கூட்டிப் பாருங்கள்.

4. இரத்தம் வரவில்லையா? கையைக் கீழே தொங்கவிட்டு, உள்ளங்கையிலிருந்து விரலை நோக்கி மெதுவாக நீவுங்கள். நுனியை அழுத்திப் பிழிந்தால் அளவு தவறாகலாம்.

5. பரிசோதனைப் பட்டையின் காலாவதித் தேதியைப் பாருங்கள். பட்டையை எடுத்ததும் டப்பாவை இறுக மூடுங்கள். நம் ஊர் ஈரக் காற்று பட்டையைக் கெடுத்துவிடும்.

6. சுத்தமான பஞ்சால் விரலை அழுத்திப் பிடியுங்கள். ஊசியைக் குப்பைக் கூடையில் வெறுமனே போடாதீர்கள். குப்பை அள்ளுபவர் கையில் குத்தும். சலவைத் திரவம் வந்த கெட்டியான பிளாஸ்டிக் போத்தலில் போட்டு மூடி வையுங்கள். அது நிறைந்தால் எங்கே கொடுப்பது என்று கிளினிக்கில் கேளுங்கள்.

அளவு 4 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால், மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடியும் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. கோயில் மண்டபத்திலோ பொது மண்டபத்திலோ இலவசப் பரிசோதனை நடக்கும். அங்கே உங்கள் கண் முன்னால் புது ஊசியைப் பிரிக்கிறார்களா, கையுறையை மாற்றுகிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால், "தம்பி, எனக்குப் புதுசு போடுங்க" என்று தயங்காமல் கேளுங்கள். அது மரியாதைக் குறைவு அல்ல, உங்கள் உரிமை.