ஒரே மரபணு, வெவ்வேறு சாயம்



சென்னையில் 1956இல் காசநோய் மருத்துவ ஆராய்ச்சி மையம் தொடங்கியபோது சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பற்றி அங்கு யாரும் யோசிக்கவில்லை. காசநோய்க்குக் கொடுத்த ஐசோனியசிட் மாத்திரை சிலர் உடம்பில் சீக்கிரமே செயலிழந்தது, சிலர் உடம்பில் நெடுநேரம் தங்கியது. இதை அளந்து 1961இல் வெளியிட்ட ஆய்வின்படி, தென்னிந்திய நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் மருந்தை மெதுவாக மாற்றுபவர்கள். அந்த வேகம் என்ஏடி2 என்ற மரபணுவின் கையில் இருக்கிறது. மெதுவான உடம்புக்கு மருந்து நன்றாகப் பிடிக்கும். நரம்புக் கோளாறு வரும் வாய்ப்பும் கூடுதல்.

அதே உடம்பு சாயத்தருகே நின்றால்?

பிராங்பர்ட் அறுவை மருத்துவர் லூட்விக் ரேன், சாயத் தொழிலாளர்களின் சிறுநீர்ப்பைக் கட்டிகளைப் பற்றி 1895இலேயே எழுதிவிட்டார். சில சாயங்களின் மூலப்பொருளான நறுமண அமின்களை ஈரலில் உள்ள என்ஏடி2 நொதி அடக்கி வெளியேற்றுகிறது. அது மந்தமாக இருந்தால், மிஞ்சிய அமின் வேறு வழியில் மாறி, சிறுநீர் மணிக்கணக்கில் தேங்கும் பைக்குள் போய் அதன் உள்சுவர் உயிரணுக்களின் டிஎன்ஏவில் ஒட்டிக்கொள்கிறது. இங்கிலாந்தின் ஹடர்ஸ்பீல்டில் 1982இல் பரிசோதித்தபோது, சாயத் தொழிலில் இருந்து இந்தப் புற்றுநோய் வந்த 23 பேரில் 22 பேர் மெதுவானவர்கள்.

ஆனால் சீனாவில் பென்சிடின் என்ற நறுமண அமினைக் கையாண்ட தொழிலாளர்களிடம் இந்தக் கணக்கு பொய்த்தது. மெதுவானவர்களுக்கு அங்கே கூடுதல் ஆபத்து தென்படவில்லை. பென்சிடினை அந்த நொதி அடக்குவதில்லை, நச்சாக்கும் பாதையில் ஒரு படி ஏற்றிவிடுகிறது. 2005இல் வந்த ஸ்பெயின் ஆய்விலும் மெதுவான மரபணுவின் கேடு புகைப்பவர்களிடம்தான் துலக்கமாகத் தெரிந்தது; புகையிலைப் புகையிலும் நறுமண அமின்கள் உண்டு. ஆக, எதன் பக்கத்தில் நின்றார் என்று தெரியாமல் ஒருவரின் மரபணுவை மட்டும் படிப்பதால் பயன் இல்லை.

இதே கேள்வியை நம் தோல் ஆலைகளிலும் கேட்க வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் தொழில் என்றாலே பேச்சு குரோமியத்தில் போய் நிற்கும். காரணமில்லாமல் இல்லை: ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு மலைபோல் கிடக்கிறது. ஆனால் ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் முதலில் கெடுப்பது நுரையீரலை. சிறுநீர்ப்பையைப் பற்றிக் கேட்பவர் தோல் பதனிடும் ஷாப்பில் சாய டிரம் ஓடும் பக்கம் போக வேண்டும். புற்றுநோய் தரும் அமின்களை வெளிவிடும் அசோ சாயங்களை ஜெர்மனி 1994இல் தடுத்தது. இந்தியாவும் அதே பத்தாண்டில் 112 சாயங்களைத் தடைசெய்தது. ஏற்றுமதிச் சந்தை கெடுபிடி செய்ததால் வந்த மாற்றம் என்று சொன்னால் தவறாகாது. அதற்கு முன் டிரம்மில் கைவைத்தவர்கள் இப்போது ஐம்பது, அறுபது வயதைத் தாண்டிவிட்டார்கள். சிறுநீர்ப்பைப் புற்றுநோய் தலைகாட்ட இருபது, முப்பது ஆண்டுகள் ஆகும்.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தந்த தீர்ப்பு, தோல் ஆலைக் கழிவால் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ கெட்டதைக் குறிப்பிட்டது. தொழிலாளியின் உடம்புக்கும் அப்படி ஒரு கணக்கு வேண்டும்.

அந்தக் கணக்கு ரத்தப் பரிசோதனையில் தொடங்கக்கூடாது. மெதுவானவர்களை வேலைக்கு எடுக்காதீர்கள் என்று ஒரு முதலாளிக்கு யோசனை சொல்வது எளிது. பாதிக்கும் மேற்பட்டோர் அப்படிப்பட்டவர்கள் என்றால் டிரம்மை ஓட்ட யார் மிஞ்சுவார்? வெளியேற வேண்டியது சாயம்.

வலியில்லாமல் சிறுநீரில் ரத்தம் போகிறது என்று வருபவரிடம், குறிப்பாகப் பெண்களிடம், தொற்று என்று மாத்திரை கொடுத்து அனுப்புவது இன்றும் நடக்கிறது. நோயாளிப் படிவத்தில் தொழில் என்ற கட்டத்தில் ‘கூலி’ என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். ஒப்பந்தக்காரர் வழியாகப் பல ஷாப்புகள் மாறியவரிடம் சம்பளச் சீட்டு இருக்காது. டிரம் பக்கமா, ஸ்பிரே பக்கமா, எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை, பீடி உண்டா என்று உட்கார்ந்து கேட்டால் அவரே சொல்வார். அந்தக் கேள்விகளின் வரைவுப் பட்டியல்தான் இந்தக் கூட்டத்தின் முதல் அமர்வின் வேலை.