கூட்டத்திலிருந்து சற்றுத் தள்ளி

மாற்கு நற்செய்தி 7ஆம் அதிகாரத்தில், காது கேளாதவரை ஆண்டவர் நடுக்கூட்டத்தில் வைத்துக் குணமாக்கவில்லை. முதலில் தனியே அழைத்துச் செல்கிறார். கூட்டம் தாங்காத பிள்ளைகள் நம் பங்குகளிலும் இருக்கிறார்கள்.

மதுரை நகரமானாலும் உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமமானாலும், தேர்ப்பவனி என்றால் வேட்டும் பேண்டும்தான். ஆட்டிசம் உள்ள பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறான். அருகில் வந்தவரை அடிக்கவும் செய்கிறான். உடனே நாம், "வளர்ப்பு சரியில்லை" என்கிறோம். (அந்தத் தாய் அதன்பின் கோவிலுக்கு எப்படி வருவார்?) அது பிடிவாதமல்ல. சத்தமும் நெரிசலும் அவன் தாங்கும் அளவைத் தாண்டிவிட்டன. அதைச் சொல்ல அவனுக்கு வார்த்தை வரவில்லை. அந்நேரம் அதட்டலும் அறிவுரையும் காதில் ஏறாது. குரலைத் தாழ்த்தி, பேச்சைக் குறைத்து, அமைதியான இடத்துக்கு அழைத்துப் போவோம். அடங்கியபின் கற்றுத்தரலாம்: "வெளியே போகணும்" என்று காட்ட ஒரு பட அட்டை. திருப்பலியில் அடுத்தடுத்து என்ன நடக்கும் என்பதையும் வீட்டிலேயே படங்களாகக் காட்டலாம். சமாதானம் பகிரும்போது கைகூப்புவதை அண்ணன் தங்கையோடு பழக்கலாம். பத்து நாளில் வராது, மாதங்கள் ஆகும்.

2014 நவம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் வத்திக்கானில் ஆட்டிசம் உள்ளவர்களையும் அவர்களது குடும்பங்களையும் சந்தித்தபோது, அவர்களது தனிமையை உடைக்க எல்லாரும் சேர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். நமக்கு இதில் பெரிய செலவொன்றுமில்லை. வாசலோரம், ஸ்பீக்கருக்குத் தள்ளி ஒரு பெஞ்சை அந்தக் குடும்பத்துக்கு விட்டுவைப்போம். நடுவில் அவர்கள் எழுந்து போனால் திரும்பிப் பார்க்க வேண்டாம்.