படிக்கட்டு யாருடையது?



பிழைப்பின் நிமித்தம் பிற மாநிலங்களில் குடியேறியுள்ள தமிழர்களில் பெரும்பாலோர் பகற்பொழுதைப் பிறருக்குச் சொந்தமான கட்டடங்களிலேயே கழிக்கிறோம். தில்லி கரோல்பாகில் மாடியறை ஒன்றில் கணக்கு எழுதுகிறவர், மும்பை தாராவியில் சிறு கூடம் ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தோல்பை தைக்கிறவர், கொல்கத்தாவின் பழைய மாளிகை ஒன்றில் அலுவலகம் வைத்திருக்கிறவர் ஆகிய எல்லோரிடமும் தத்தம் அறைக்கு வாடகைச் சீட்டு இருக்கிறது. ஆனால் அந்த அறைக்கு ஏறிச்செல்லும் படிக்கட்டு யாருடையது? நடைவழியில் விளக்கு எரியாவிட்டால் அதை மாற்ற வேண்டியவர் யார்? இக்கேள்வியைத்தான் இன்று சற்று ஆராயக் கருதுகிறோம்.

சட்டங்களையும் அரசாணைகளையும் மொழிபெயர்ப்பது நமது தொழில். 'பொது' என்ற சொல்லை நாள்தோறும் எழுதுகிறோம். எல்லோருக்கும் உரியது என்பது அதற்கு அகராதி தரும் பொருள். எவருக்கும் உரியதன்று என்பது வழக்கத்தில் நாம் கொண்டுவிட்ட பொருள். சில ஆண்டுகளுக்கு முன் நமது பிரிவு தில்லியில் ஒரு வாடகைக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இயங்கிற்று. மாடிப்படி விளக்கு குளிர்காலம் முழுவதும் எரியவில்லை. கீழ்த்தளத்து வியாபாரிகள் படித்திருப்பங்களில் மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். பின்புறப் படிக்கட்டின் கதவு பூட்டிக் கிடந்தது. யாரைக் கேட்டாலும், "அது எங்கள் பகுதி அல்லவே" என்றனர். உண்மையைச் சொன்னால், நாமும் அவ்வாறே சொன்னோம். ஒரு டிசம்பர் மாலையில் நமது முதிய கடைநிலை ஊழியர் இருட்டில் கால் இடறி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார்.

அது சிறு விபத்து. இத்தகைய அசட்டை பெருந்துயராக முடிந்ததும் உண்டு. 2010 மார்ச் 23 அன்று கொல்கத்தா பார்க் தெருவிலுள்ள ஸ்டீபன் கோர்ட் கட்டடத்தில் தீப்பற்றி 43 பேர் மாண்டனர். உயிர் பிழைக்க மேலே ஓடியவர்களுக்கு மொட்டைமாடிக் கதவு திறந்திருக்கவில்லை. 2022 மே 13 அன்று தில்லி முண்ட்காவில் வாடகைக்கு விடப்பட்டிருந்த ஒரு நான்கு மாடி வணிகக் கட்டடம் எரிந்தது. 27 உயிர்கள் போயின. அக்கட்டடத்தில் ஏறவும் இறங்கவும் இருந்தது ஒரே படிக்கட்டு. தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்றும் பெறப்பட்டிருக்கவில்லை. ஆகவே படிக்கட்டைப் பற்றிப் பேசுவது அற்ப விஷயத்தைப் பேசுவதாகாது.

சட்டம் என்ன சொல்லுகிறது? ஒரே கட்டடத்தின் தனித்தனி மாடிகளைப் பலருக்குத் தொழிற்சாலைகளாக வாடகைக்கு விட்டால், மாடிகளுக்குச் செல்லும் பத்திரமான வழி, படிக்கட்டுகளும் பொது நடைவழிகளும் தூய்மையாக இருத்தல், தீத்தடுப்பு ஏற்பாடுகள், லிப்டுகளின் பராமரிப்பு ஆகியவற்றுக்குச் சொந்தக்காரரே பொறுப்பாளி என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 93-ஆவது பிரிவு விதித்தது. வாடகை வாங்கியதோடு தம் கடமை தீர்ந்தது என்று அவர் ஒதுங்கிவிட முடியாது. 2025 நவம்பர் 21 முதல் அச்சட்டத்தின் இடத்தில், தொழிற் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் பற்றிய 2020-ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. அதிலும் கட்டடச் சொந்தக்காரரின் பொறுப்புக்கென்றே ஒரு பிரிவு உண்டு.

அலுவலகங்களுக்கும் கடைகளுக்கும் வேறு சட்டங்கள் துணை நிற்கின்றன. 1958-ஆம் ஆண்டுத் தில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு, தக்க காரணமின்றி அத்தியாவசிய வசதிகளை நிறுத்தக் கூடாது என்கிறது. அவை எவையென்று சொல்லும்போது தண்ணீர், மின்சாரம் ஆகியவற்றோடு நடைவழிகளிலும் படிக்கட்டுகளிலும் உள்ள விளக்குகளையும் அது பெயர் சொல்லியே குறிக்கிறது. மகாராஷ்டிரத்தின் 1999-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் இவற்றோடு லிப்டையும் சேர்த்துக்கொண்டது. தில்லிச் சட்டத்தின் 44-ஆவது பிரிவின்படி, எழுத்துமூலம் அறிவித்தும் சொந்தக்காரர் தாம் செய்யக் கடமைப்பட்ட பழுதுகளை நியாயமான காலத்துக்குள் சரிசெய்யாவிட்டால், வாடகைதாரர் தாமே செய்து செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஆண்டு வாடகையில் பன்னிரண்டில் ஒரு பங்கு அதற்கு வரம்பு. ஆனால் மாத வாடகை 3,500 ரூபாய்க்கு மேற்பட்ட இடங்களுக்கு இத்தில்லிச் சட்டம் பொருந்தாது என்பதையும் மறக்கலாகாது.

இத்தகைய வாடகைச் சட்டங்களின் பாதுகாப்பு இல்லாதவர்களுக்கு ஒப்பந்தப் பத்திரமே அரண். 1882-ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றச் சட்டம், சொந்தக்காரர் செய்யக் கடமைப்பட்ட பழுதை அவர் செய்யத் தவறினால் வாடகைதாரர் செய்து கழித்துக்கொள்ளலாம் என்கிறது. எந்தப் பழுது அவர் கடமை என்பதோ பெரும்பாலும் பத்திரத்தில் எழுதியதைப் பொறுத்தது. எனவே கையெழுத்திடுமுன் படிக்கட்டு, விளக்கு, லிப்டு, கழிப்பிடம், இரண்டாவது வெளிவழி ஆகிய ஒவ்வொன்றும் யார் பொறுப்பு என்பதை எழுதிக்கொள்ளுங்கள். தீத்தடுப்புச் சான்றையும் காட்டச் சொல்லுங்கள். மகாராஷ்டிரத்தில் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தீயணைப்புச் சாதனங்கள் நல்ல நிலையில் உள்ளன என்ற சான்று ஆண்டுதோறும் ஜனவரியிலும் ஜூலையிலும் அளிக்கப்பட வேண்டும். அதைக் கேட்பதில் தவறொன்றுமில்லை.

நமது கட்டடத்தின் கதையை இங்கே முடித்துவிடுவோம். வாய்மொழியாகச் சொன்ன புகார் காற்றோடு போயிற்று. பிறகு அந்த ஊழியரின் கட்டுப்போட்ட கையைப் பார்க்கக் கூசியே, எல்லா மாடிக்காரர்களும் கூடி ஒரே கடிதம் எழுதினோம். நாம் இந்தியில் எழுதிக் கொடுத்தோம். பஞ்சாபியர், வங்காளியர், மலையாளிகள் எனப் பலரும் ஒப்பமிட்டனர். ஒரு வாரத்தில் விளக்கு எரிந்தது. வியாபாரிகளும் தாம் ஒப்பமிட்ட கடிதத்துக்கு அஞ்சித் தம் மூட்டைகளை அகற்றினார்கள். பின்கதவு திறக்க மட்டும் இரண்டு மாதமும் இரண்டாவது கடிதமும் தேவைப்பட்டன. அதன் நகலைத் தீயணைப்பு அலுவலகத்துக்கும் அனுப்பியிருந்தோம்.

"வேற்றூரில் வந்து இருக்கிறோம், நமக்கு ஏன் வம்பு?" என்று வாய்மூடி இருப்பது நம்மவரின் பழக்கம். மொழி தெரியாத கூச்சமும் அதோடு சேர்ந்துகொள்கிறது. ஆனால் சட்டம் வாடகைதாரரை எந்த ஊர்க்காரர் என்று கேட்பதில்லை. தேதியிட்ட ஒரு கடிதமும் அதன் நகலும் இருந்தால் போதும், முறையிட வழி பிறக்கும். இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் அன்பர்கள் நாளைக் காலை பணிக்குச் செல்லும்போது ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் கட்டடத்தின் இரண்டாவது படிக்கட்டு எங்கே இருக்கிறது, அதன் கதவு திறக்கிறதா என்று ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, பிறகு உங்கள் இருக்கையில் அமருங்கள்.