குடியை விட விரும்புவோர் கூடும் இடம்
(சங்க மண்டபத்தில் ஆற்றிய உரை)



குடியின் தீமையை எடுத்துரைக்க நான் இங்கு நிற்கவில்லை. வள்ளுவர் கள்ளுண்ணாமை என ஓர் அதிகாரமே வகுத்தார். நான் படித்த மிஷன் பாடசாலையிலும் மதுவிலக்குப் பிரசங்கம் கேளாத ஆண்டில்லை. தீமையென்பதைக் குடிப்பவனும் அறிவான். அறிந்தும் விட முடியாதவன் எங்கே போவது? இதுவே எனது பொருள்.

எனது மாமா ஒருவர் தவறணையில் தொடங்கிக் கசிப்பில் வந்து நின்றார். கோயிலிற் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார்; ஒன்பதாம் நாள் மீண்டும் குடித்தார். நாமெல்லாம் புத்தி சொன்னோம். புத்தி சொல்லச் சொல்ல அவர் எங்களைக் கண்டு ஒளித்தாரேயன்றிக் குடியை விட்டாரில்லை.

1935ஆம் ஆண்டு மே மாதம் ஐக்கிய அமெரிக்காவிலே, அக்றன் நகரத்து ஹோட்டல் ஒன்றில், பில் வில்சன் என்பவர் தனியே நின்றார். குடியை விட்டு ஐந்து மாதமே ஆகியிருந்தது. வந்த வியாபார காரியமோ தோற்றுவிட்டது. ஒரு பக்கம் மதுச்சாலை. மறு பக்கம் தொலைபேசி. அவர் தொலைபேசியை நாடினார். தன்னைப்போல் அவதிப்படும் இன்னொரு குடிகாரனோடு பேசவேண்டுமெனக் கேட்டார். பல அழைப்புக்களின் பின் பொப் சிமித் என்னும் வைத்தியரைச் சந்தித்தார். பதினைந்து நிமிடமே இருப்பேனென்று வந்த வைத்தியர், ஆறு மணி நேரத்துக்கு மேல் இருந்தார். ஏன்? வந்தவர் புத்தி சொல்லவில்லை. தன் கதையைச் சொன்னார். வைத்தியர் கடைசியாகக் குடித்தது அவ்வாண்டு யூன் 10ஆந் திகதி. அந் நாளையே ‘அல்கஹோலிக்ஸ் அநோனிமஸ்’ சங்கத்தின் பிறந்தநாளாகக் கொள்வர்.

இன்று அச் சங்கத்தின் கூட்டங்கள் நமது நாடு உட்படப் பல தேசங்களில் நடைபெறுகின்றன. சேருவதற்குக் குடியை விடவேண்டுமென்ற விருப்பம் ஒன்றே போதும். கட்டணமில்லை, முழுப் பெயரும் வேண்டாம். முதல் நாள் வாய் திறவாமல் இருந்து கேட்கலாம். குடிநோயாளர் மட்டும் கூடுவது மூடிய கூட்டம். உறவினரும் வரக்கூடியது திறந்த கூட்டம். குடும்பத்தாருக்கென ‘அல்-அநோன்’ என்னும் தனிச் சங்கம் 1951இல் அமைந்தது.

கூட்டத்தைத் தேடுவது எப்படி? நாங்கள் முதலில் வைத்தியரிடம் போனோம். அதுவே சரியான வழியுமாகும். நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வரலாம்; உயிருக்கே ஆபத்து. மாமா சில நாள் வாட்டில் இருந்தார். அங்கேதான் கூட்டத்தைப் பற்றி அறிந்தோம்.

சொன்ன நாளிற் கொழும்பிலே அவ்விடத்துக்குப் போனோம். கதவு பூட்டியிருந்தது, கூட்டநாள் மாறிவிட்டதாம். மாமா சிரித்தார். "பாத்தியே தம்பி, எனக்கெண்டு ஒரு கதவும் திறக்காது" என்றார். அச் சிரிப்பு என்னைச் சுட்டது. ஆகையால், புறப்படுமுன் தொலைபேசியில் நாளையும் நேரத்தையும் உறுதிசெய்யுங்கள். பிரயாணம் முடியாதோர்க்கு இணையவழிக் கூட்டங்களும் உள.

மறு வாரம் கதவு திறந்திருந்தது. ஆனால் அது ஒரு தேவாலயத்தை அடுத்த மண்டபம். மாமா படலையில் நின்றுவிட்டார். "வேதத்துக்குச் சேக்கப் பாக்கினமோ?" என்றார். அந்தக் கேள்வி நியாயமானதே. அச் சங்கம் ஒரு கிறிஸ்தவ இயக்கத்தின் சூழலில் முளைத்ததுதான். எனினும் 1939இல் வெளியிட்ட பன்னிரண்டு படிகளில், கடவுளை அவரவர் விளங்கிக்கொண்டபடி கொள்ளலாம் என்றே எழுதினர். மண்டபம் வாடகை இடமேயன்றி வேறில்லை. மாமா நெற்றியில் விபூதியோடு உள்ளே போனார்; விபூதியோடே வெளியே வந்தார்.

உள்ளே நடந்ததை நான் கேட்கவில்லை. பஸ்ஸில் வரும்போது ஒன்று சொன்னார்: "அங்கை ஒருத்தரும் என்னைத் திருத்தேல்லை, தம்பி. என்ரை கதையைத் தங்கடை கதையெண்டு சொல்லிச்சினம்."

இதனால் எல்லாரும் குணமடைவர் என நான் கூறேன். மாமாவும் இடையில் ஒருமுறை தவறினார். மறுநாளே கூட்டத்துக்குப் போனார். 2020இல் வெளியான கொக்றேன் மதிப்பாய்வு 27 ஆய்வுகளை ஒருங்கே நோக்கி, இச் சங்கத்தில் ஈடுபடுத்தும் முறையான சிகிச்சை, இடைவிடாது குடியாதிருப்பதற்கு வேறு சிகிச்சைகளிலும் கூடிய பயன் தருகிறதெனக் கண்டது.

இளைஞர்களே, திருவிழாவிலே தண்ணீர்ப் பந்தல் வைக்கும் நாம், இன்னொரு தொண்டையும் ஏற்போம். அண்மையில் எங்கே, எந்நாள் கூட்டம் நடைபெறுகிறதென விசாரித்து அறிந்துவைப்போம். கேட்பவரை ஏளனஞ் செய்யாது, படலை வரையேனும் கூடப் போவோம். பெரியோர்களே, வீட்டுமானம் என்று இந் நோயை மறைக்காதீர்கள். மறைத்து வைத்தால் அது வளரும்.