தேக்கங்காட்டில் உழைத்தவர்கள்



நம் பொள்ளாச்சிக்குத் தெற்கே மேகம் கவிந்து நிற்கும் ஆனைமலையில், உச்சியிலிருந்து வெட்டுமரங்களைச் சரிவிலே நழுவவிட்டு அடிவாரத்திற்கு இறக்கிய தொழிலால் டாப்சிலிப் என்று பெயர் பெற்ற இடத்திற்கு உங்களில் பலர் குடும்பத்தோடு சென்று வந்திருப்பீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பம்பாய்க் கப்பல் தளத்திற்கென இம்மலைத் தேக்கு இடைவிடாது வெட்டப்பட்டு வனமே க்ஷீணித்துப் போன நிலையில், 1910களில் இங்கே வந்து சேர்ந்த ஹ்யூகோ வுட் என்னும் வன அதிகாரி, கண்மூடித்தனமான வெட்டைத் தடுத்து, புதுத் தேக்கை வளர்த்தெடுக்கும் காரியத்தில் தம் ஆயுளின் சிறந்த பகுதியைச் செலவிட்டார். கைத்தடியால் மண்ணைக் குத்தி விதையிட்டுக்கொண்டே நடப்பார் என்று அவரைப்பற்றி இன்றும் சொல்வார்கள். 1933ஆம் ஆண்டில் காலமான அவருடைய சமாதி, அவர் விரும்பியபடியே அந்தத் தேக்கு மரங்களுக்கு நடுவிலே இருக்கிறது. அந்த மகானுக்கு நாம் செலுத்தும் மரியாதையில் அணுவளவும் குறைக்க வேண்டும் என்பது என் எண்ணமன்று.

ஆனால் ஒரு மனிதரின் கைத்தடியால் ஒரு வனம் எழுந்துவிடுமா? குழி தோண்டியவர்கள், நாற்றுக்குச்சி நட்டவர்கள், களை எடுத்தவர்கள், கோடையில் இராப்பகலாய்த் தீக்காவல் இருந்தவர்கள், யானையின் கழுத்தில் அமர்ந்து மரம் இழுத்தவர்கள் ஆகிய காடர், மலசர், புலையர் முதலான மலைமக்களும், சமவெளியிலிருந்து கூலிக்கு ஏறிப்போனவர்களும் எந்தக் கல்லிலே பொறிக்கப்பட்டிருக்கிறார்கள்? இந்தக் கேள்வியைக் கேட்பதற்காகவே இன்று இந்த நூலக மேடையில் நிற்கிறேன்.

அவர்கள் தொழிலைச் சற்று அருகே சென்று பாருங்கள். ஒரு பெரிய மரத்தைச் சாய்ப்பதற்கு முன் அனுபவமுள்ள வெட்டாள் கோடாரியை உடனே ஓங்கமாட்டான். மரத்தை ஒருமுறை சுற்றி வந்து, தண்டு எப்பக்கம் சாய்கிறது, கிளைப்பாரம் எங்கே கூடியிருக்கிறது, காற்று எத்திசையினின்று வருகிறது, விழும்போது இளமரங்கள் நசுங்காதிருக்க எந்த இடைவெளி வாய்க்கும் என்றெல்லாம் மனத்திலே கணித்த பிறகே, விழவேண்டிய திசையில் முதல் வாய் வெட்டுவான். பின்பு எதிர்ப்புறத்தில் இருவர் குந்தியிருந்து நீண்ட ரம்பத்தை மாறி மாறி இழுப்பார்கள். தள்ளுவது ரம்பத்தை வளைத்துவிடும் என்பதால் இழுப்பது மட்டுமே ஒருவன் வேலை, அதைத் தளர விடுவது மற்றவன் வேலை. இந்த இசைவு கைகூடியவர்கள் ஆயுள் முழுதும் ஒரே ஜோடியாய் உழைத்திருக்கிறார்கள். ரம்பம் இறுகாதபடி ஆப்பு அடித்துக்கொண்டே போகையில், உள்ளே நார் முறியும் முதல் சத்தத்தைக் காதால் பிடித்து, எல்லோரையும் விலகச் சொல்லிக் கூவுகிறவன்தான் அந்தக் குழுவின் உயிரையே காக்கிறான்.

யானைகளைப்பற்றிச் சொல்லப் புகுந்தால் இந்த மாலைப்பொழுது போதாது. காதுக்குப் பின்னே கால்விரலை அழுத்தி மாவுத்தன் சொல்லும் சேதியை உணர்ந்து, மரம் சரிவிலே தானே உருளத் தொடங்கினால் ஒதுங்கி நின்று உயிர் தப்பும் விவேகத்தை, அந்த ஜீவன் பல ஆண்டுப் பழக்கத்திலே பெற்றது. வேலை முடிந்ததும் ஆற்றிலே கிடத்தித் தேய்த்துக் குளிப்பாட்டுவதும், ராகிக் களியைக் கவளமாய் உருட்டி வாயிலே ஊட்டுவதும் மாவுத்தனுக்கும் அவன் உதவியாளனாகிய காவடிக்கும் நித்திய கடமை. ஆனைமலையின் கோழிகமுத்தி யானை முகாமைச் சேர்ந்த கும்கி யானை கலீம் 2023ஆம் ஆண்டில் பணி ஓய்வு பெற்றபோது வனத்துறையினர் அணிவகுத்து நின்று மரியாதை செய்தார்கள். அந்தச் செய்தியைப் படித்து நான் உள்ளம் நெகிழ்ந்தேன். காட்டிலே உழைத்த மனிதர்களும் அவ்வாறு நினைக்கப்படவேண்டும் என்ற ஆசை அன்றே என்னுள் பிறந்தது.

கோடையிலோ தேக்கு இலையுதிர்த்து நிற்கும். அகன்ற சருகுகள் மெத்தையாய்க் கிடக்க, ஒரு பொறி விழுந்தால் போதும். மூங்கில் கணுக்கள் படபடவென்று வெடிக்க, நெருப்பு புதரேறி ஓடும். அப்போது பச்சைத் தழையை ஒடித்துத் தீயின் ஓரத்தை அடித்து அணைப்பவர்களும், முன்கூட்டியே சருகை அகற்றித் தீத்தடுப்புக் கோடு எடுத்து வைத்தவர்களும், காற்றின் போக்கறிந்து எதிர்த்தீ மூட்டுபவர்களும் இந்த வனத்தின் மெய்யான காவலர்கள். உயர்ந்த மரம் ஒவ்வொன்றும் அவர்கள் காத்துக்கொடுத்த சொத்து.

1976இல் சரணாலயமாகவும் பின்னர் புலிகள் காப்பகமாகவும் ஆன அம்மலையில், இன்று பழைய மரவெட்டு இல்லை; அது வனத்திற்கு நன்மையே. ஆனால் வேலையோடு வேலையின் ஞாபகமும் போய்க்கொண்டிருக்கிறது. மாலையில் திண்ணையிலே கூடினால் எந்த மழையில் எந்தப் பாலம் போயிற்று, எந்த யானை யாரிடம் மட்டும் பணிந்தது என்று விடாமல் பேசக்கூடிய முதியவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். இந்த நூலகத்தார் ஓர் இளைஞர் குழுவை அமைத்து, மலைக் குடியிருப்புகளுக்கும் அடிவாரத்துச் சேத்துமடைக்கும் அனுப்பி, அம்முதியவர்கள் சம்மதித்தால் அவர்கள் பேச்சை அவர்கள் சொற்களிலேயே பதிவு செய்து, பெயரோடும் ஊரோடும் தொகுத்து, இங்கே ஓர் அலமாரியில் வைக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வரும் மழைக்காலத்திற்குள் தொடங்கலாம்; ஆகும் செலவில் ஒரு பங்கை நானும் ஏற்கிறேன்.