தொலைமருத்துவமும் நம் மஹல்லாவின் கடமையும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

செயலாளர் அவர்கள் சற்று முன்னர் ஆண்டறிக்கையை வாசித்தார்கள். பைத்துல்மாலுக்கு வந்த மருத்துவ உதவி மனுக்களைப் பற்றி அதில் கூறப்பட்டிருந்தது. அவற்றுள் பல, மருந்துக்காகவோ அறுவைச் சிகிச்சைக்காகவோ அல்ல. மதுரைக்குச் சென்றுவரும் வாகனச் செலவுக்காக வந்தவை. இராமநாதபுரம் கடலோரத்தில் வாழும் நமக்கு மதுரை நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. ஒரு நோயாளி சென்றால் துணைக்கு இருவர் செல்ல வேண்டும். மூவருடைய ஒரு நாள் உழைப்பும் கைப்பொருளும் கரைந்தபின், மருத்துவருடன் பேசக் கிடைப்பது சில நிமிடங்களே.

இதை என் வீட்டில் நடந்த ஒன்றைக் கொண்டே விளக்குகிறேன். என் தாயார் பல்லாண்டுகளாக நீரிழிவு நோய்க்கு மாத்திரை உட்கொள்பவர்கள். சில ஆண்டுகளுக்கு முன்னர் ரமளான் நெருங்கிய வேளையில், "மாத்திரையை ஸஹரில் எடுப்பதா, நோன்பு திறந்தபின் எடுப்பதா என்று டாக்டரிடம் கேட்க வேண்டுமே" என்றார்கள். அந்த ஒரு கேள்விக்காக மதுரை வரை செல்வதா என்று நான் தயங்கினேன். காலையில் எடுக்கும் மாத்திரையை அதே அளவில் ஸஹரில் எடுத்து, தாயார் நோன்பு நோற்றார்கள். ஒன்பதாம் நோன்பன்று அஸர் நேரத்தில் உடல் வியர்த்து, பேச்சுக் குழறி, மயங்கிச் சாய்ந்தார்கள். சர்க்கரை அளவு அபாயமாக இறங்கியிருந்தது. அல்லாஹ்வின் அருளால் உரிய நேரத்தில் உயிர் பிழைத்தார்கள். சில நிமிடங்களில் விடை கிடைத்திருக்க வேண்டிய கேள்வி அது. கேட்காமல் விட்ட குற்றம் என்னுடையது.

அடுத்த ஆண்டு ரமளானுக்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே, கைப்பேசித் திரை வழியாக மருத்துவரைச் சந்திக்கச் செய்தேன். அவர் பழைய அறிக்கைகளைப் பார்வையிட்டு, "அம்மா, சென்ற ஆண்டு இவ்வாறு நேர்ந்திருப்பதால் நீங்கள் நோன்பு நோற்க வேண்டாம்" என்றார். தாயார் உடன்படவில்லை. நம் இமாம் அவர்கள் வீட்டிற்கு வந்து, மார்க்கம் நோயாளிக்கு அளித்துள்ள சலுகையையும் ஃபித்யாவின் முறையையும் எடுத்துரைத்த பிறகே மனம் தேறினார்கள். மருத்துவர் தொலைவில் இருந்தார். இமாம் அருகில் இருந்தார். இருவரும் சேர்ந்தே என் தாயாரைக் காத்தனர். இன்று நான் சொல்ல வந்த கருத்தும் இதுவே. தொலைமருத்துவம் பயன் தர வேண்டுமானால், நோயாளியின் அருகில் உதவும் மனிதர் ஒருவர் இருந்தாக வேண்டும்.

இந்த மருத்துவ முறை நேற்று முளைத்ததன்று. 2000ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள், ஆந்திர மாநிலத்தின் அரகொண்டா என்னும் கிராமத்தில் அப்போலோ மருத்துவமனை அமைத்த தொலைமருத்துவ மையத்தை, அன்றைய அமெரிக்க அதிபர் பில் கிளிண்டன் தொடங்கி வைத்தார். அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம், செயற்கைக்கோள் வழியாகத் தொலைவிலுள்ள மருத்துவமனைகளைப் பெருநகர மருத்துவமனைகளுடன் இணைத்தது.

நமக்கு அண்மையிலேயே சிறந்த முன்மாதிரி உண்டு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 2004ஆம் ஆண்டு முதல் சிற்றூர்களில் பார்வை மையங்களை நிறுவி வருகிறது. அங்கே கண் மருத்துவர் அமர்ந்திருப்பதில்லை. பயிற்சி பெற்ற பணியாளர் ஒருவர் கண்ணைப் பரிசோதித்து, விவரங்களைத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்புகிறார். மருத்துவர் அன்றே நோயாளியுடன் காணொலியில் பேசி முடிவு சொல்கிறார். கண்ணாடி போதுமானவர் கண்ணாடியுடன் வீடு திரும்புகிறார். அறுவைச் சிகிச்சை தேவைப்படுபவர் மட்டுமே மதுரைக்குப் பயணம் செய்கிறார். யார் பயணப்பட வேண்டும், யாருக்கு அது தேவையில்லை என்று பிரித்தறிவதே இம்முறையின் பெரும்பயன்.

கொரோனாக் காலத்தில் இது நாடெங்கும் பரவியது. 2020 மார்ச் 25ஆம் நாள் தொலைமருத்துவத்திற்கான விதிமுறைகள் வெளியிடப்பட்டன. அதே ஆண்டு ஏப்ரலில், வீட்டிலிருந்தபடியே மருத்துவரை நாடும் இ-சஞ்சீவனி என்னும் இலவச அரசுச் சேவை தொடங்கப்பட்டது. 2023 பிப்ரவரிக்குள் இச்சேவையின் வழி 10 கோடிக்கும் மேற்பட்ட ஆலோசனைகள் நிகழ்ந்திருந்தன. மனநலத்திற்கென 2022 அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையை, 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி இரவும் பகலும் அழைக்கலாம். கணவரும் பிள்ளைகளும் வளைகுடா நாடுகளில் இருக்க, உறக்கமின்றித் தனிமையில் வாடும் நம் சகோதரிகள் இந்த எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன். உள்ளத்தின் நோயும் நோயே. அதை மறைப்பதில் கண்ணியம் ஏதுமில்லை.

குடும்பத்தாருக்கும் இதனால் பெரும் ஆறுதல் உண்டு. தாயார் ஊரில் நோயுற்றிருக்க, துபாயிலோ ரியாதிலோ இருக்கும் மகனுக்குச் செய்தி கைமாறிக் கைமாறிச் சிதைந்தே போய்ச் சேருகிறது. நோயாளி சம்மதித்தால், அந்த மகனும் அதே அழைப்பில் இணைந்து மருத்துவரின் சொல்லை நேரடியாகக் கேட்கலாம். ஆண் மருத்துவரிடம் கூச்சப்பட்டு நோயை மறைக்கும் பெண்கள், தொலைவிலுள்ள பெண் மருத்துவரை நாடலாம்.

எனினும் எல்லை உணர வேண்டும். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கக் கை கால் செயலிழத்தல், பேச்சுக் குழறல், பாம்புக்கடி, பிரசவத்தில் இரத்தப்போக்கு ஆகியவற்றுக்குத் திரைமுன் அமர்வது உயிருக்கு ஆபத்து. உடனே 108 ஊர்தியை அழைக்க வேண்டும். தொட்டுப் பார்த்தே அறிய வேண்டிய நோய்களும் உண்டு. மருத்துவர் நேரில் வரச் சொன்னால் தட்டிக்கழிக்கக் கூடாது. போதை தரும் சில வகை மருந்துகளை இம்முறையில் எழுதித்தர விதிகள் அனுமதிப்பதில்லை. மருந்துச் சீட்டில் மருத்துவரின் பெயரும் பதிவு எண்ணும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நாட்டு மருந்து உட்கொண்டால் அதையும் மறைக்காமல் கூறுங்கள். நோயாளிக்குப் பேச இயலுமானால் அவரையே பேச விடுங்கள்.

சகோதரர்களே! அகழ்ப் போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களுக்கு, அருகிலிருந்து நலம் விசாரிக்க ஏதுவாக, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பள்ளிவாசலிலேயே கூடாரம் அமைக்கச் செய்தார்கள். காயமுற்றோரைப் பேணிய ருஃபைதா (ரலி) அவர்களின் தொண்டையும் வரலாறு போற்றுகிறது. பள்ளிவாசல் நோயாளிக்கு நிழல் தந்த மரபு நம்முடையது.

அம்மரபின்படி ஒரு வேண்டுகோளை இப்பொதுக்குழு முன் வைக்கிறேன். மதரஸாக் கட்டடத்தில் ஓர் அறையை வாரம் இரு நாட்கள் இதற்கென ஒதுக்குவோம். நல்ல இணைய வசதி, தெளிவான திரை, இரத்த அழுத்தமானி, சர்க்கரை அளக்கும் கருவி, எடை பார்க்கும் கருவி ஆகியவை போதும். ஆண்களுக்கு ஓர் இளைஞரும் பெண்களுக்கு ஒரு சகோதரியும் முறையாகப் பயிற்சி பெற்று உதவட்டும். அவர்கள் வைத்தியம் சொல்லக் கூடாது. மருந்து தரக் கூடாது. அளந்து குறிப்பதும், அறிக்கைகளை அடுக்கி அனுப்புவதும், மருத்துவர் சொன்னதைத் தெளிவாக விளக்குவதும், மறுமுறை காண வேண்டிய நாளை நினைவூட்டுவதுமே அவர்கள் பணி. ஒருவர் நோய் இன்னொருவர் செவிக்குச் செல்லக் கூடாது, அது அமானிதம். இந்த அறை ஊரிலுள்ள எல்லாச் சமயத்தாருக்கும் திறந்திருக்க வேண்டும்.

பணியை ரமளானுக்கு முன்னரே தொடங்குவோம். நீரிழிவு நோயாளிகள் ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே ஆலோசனை பெறுவது நன்று. சர்க்கரை 70க்குக் கீழ் இறங்கினாலோ 300க்கு மேல் ஏறினாலோ நோன்பைத் தொடரக் கூடாது என்பது மருத்துவர்களின் அறிவுரை. இதை இமாம் அவர்கள் ஜும்ஆவில் எடுத்துரைத்தால் மக்கள் ஏற்பார்கள்.

என் தாயார் இன்று அல்லாஹ்வின் கிருபையால் நலமாக இருக்கிறார்கள். நான் கேட்கத் தவறியதைப் போன்றதொரு கேள்வி, நம் மஹல்லாவில் இன்று எத்தனை வீடுகளில் கேட்கப்படாமல் கிடக்கிறதோ, நாம் அறியோம். அதைக் கேட்பதற்கு ஓர் இடத்தை ஏற்படுத்துவது ஸதக்கத்துல் ஜாரியாவாக அமையும். வல்ல இறைவன் நம் எண்ணத்தைச் செயலாக்கித் தருவானாக! நோயுற்றோர் அனைவருக்கும் பூரண ஷிஃபாவை வழங்குவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.