ஐம்பதில் ஒரு மாணாக்கன்

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்னும் பழமொழியைப் பாடசாலைக் காலைக் கூட்டத்திலே மாணவருக்குப் பன்முறை எடுத்துக் கூறியவன் நான். என் ஐம்பத்து மூன்றாம் வயதில் வயலின் கற்கத் தொடங்கியபோது, அப்பழமொழியை என் விரல்களிலேயே சோதித்துப் பார்க்க நேர்ந்தது. அச்சோதனையின் முடிவு யாதென்பதை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன்.

யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றில் நான் பிறந்தேன். கோயில் திருவிழாக் காலங்களில் நாதஸ்வரக்காரருக்கு அருகே நின்று, உறக்கம் மறந்து கேட்ட சிறுவன் நான். சங்கீதம் படிக்க வேண்டும் என்று ஒருநாள் தந்தையாரிடம் கேட்டேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. "முதலிலை படிப்பு. பாட்டைப் பிறகு பாப்பம்" என்றார். அந்தப் 'பிறகு' வருவதற்கு நாற்பது ஆண்டுகள் சென்றன.

1990 ஆம் ஆண்டின் பின்னர் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாதிருந்த காலத்தை உங்களிற் பலர் அறிவீர்கள். மிதிவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, கையாற் சக்கரத்தைச் சுழற்றி, டைனமோவிற் பிறக்கும் மின்சாரத்தால் வானொலி கேட்டோம். என் வீட்டில் ஒலிநாடாப் பெட்டியும் அவ்வாறே இயங்கிற்று. சுழற்றும் கை சற்றே தளர்ந்தால் பாடுகின்றவரின் சுருதி இறங்கும், விரைந்தால் ஏறும். சுருதி பிசகாமற் சக்கரத்தைச் சுழற்ற வேண்டும் என்பதே நான் பெற்ற முதற் சங்கீதப் பாடம். 1995 ஆம் ஆண்டு இடம்பெயர்ந்தபோது சான்றிதழ்களைப் பையில் எடுத்துக்கொண்டேன்; ஒலிநாடாக்கள் வீட்டிலேயே கிடந்தன. மீண்டு வந்தபோது அவை அங்கு இருக்கவில்லை.

பின்னர் ஆசிரியப் பணி, பிள்ளைகளின் கல்வி, அதிபர் பதவி என்று காலம் ஓடிற்று. இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், அயலிலுள்ள சங்கீத ஆசிரியை ஒருவரிடம் ஞாயிறு காலை வகுப்பிற் சேர்ந்தேன். என்னுடன் பாயில் அமர்ந்திருந்த ஏனையோர் பதினொரு வயதுக்கு உட்பட்டவர்கள்.

வீணையில் இருப்பதுபோன்ற மெட்டுகள் வயலினில் இல்லை. சுரத்தின் இடத்தை விரல் தேட வேண்டும். சரியா பிழையா என்று காது தீர்ப்புச் சொல்ல வேண்டும். தொடக்கப் பாடமாகிய மாயாமாளவகௌளையில் ரிஷபம் ஷட்ஜத்தை ஒட்டி நிற்கும். காந்தாரமோ மத்திமத்தை நெருங்கி நிற்கும். மேற்பாதியும் கீழ்ப்பாதியைப் போலவே அமைந்திருத்தலால், ஒன்றைப் பிடித்தவர் மற்றதையும் பிடிப்பார் என்று ஆசிரியை விளக்கினார். என் மூளை அதனை உடனே விளங்கிக்கொண்டது. சுண்டுவிரல் விளங்கிக்கொள்ள ஐந்து மாதங்கள் எடுத்தது. "சேர், உங்கடை வில்லுச் சரியுது" என்று பக்கத்திலிருந்த சிறுமி மெதுவாகத் திருத்துவாள். முப்பது ஆண்டுகளாகப் பிறரைத் திருத்தியே பழகியவனுக்கு அது கசப்பான மருந்து. ஆனால் நல்ல மருந்து.

அச்சிறுமி எமது பாடசாலையிலே ஆறாந்தரத்திற் படிப்பவள். ஒருநாள் வகுப்பு முடிந்ததும், "சேர், எங்கடை சங்கீதப் பாடம் எப்ப திரும்ப வரும்?" என்று கேட்டாள். தவணைப் பரீட்சையை முன்னிட்டு அவர்களுடைய சங்கீத நேரத்தைக் கணிதத்துக்கு மாற்றிக் கொடுத்தவன் நானே. "சோதனை முடியட்டும், பிறகு பாப்பம்" என்றேன். சொல்லி முடித்தபோதுதான் அது யாருடைய வாக்கியம் என்பது எனக்கு விளங்கிற்று. மறுநாள் நேரசூசியைத் திருத்தினேன். கணித ஆசிரியருக்கு வருத்தமே. அவருக்குப் பாடசாலை முடிந்தபின் ஒருமணி நேரம் ஒழுங்கு செய்து கொடுத்தேன்.

கணிதமும் சங்கீதமும் பகையென்று எண்ணுவோர் சுவாமி விபுலாநந்தரை நினைத்தல் வேண்டும். 1892 ஆம் ஆண்டு காரைதீவிற் பிறந்த அவர், விஞ்ஞானப் பட்டதாரி, ஆசிரியர், பின்னர் தமிழ்ப் பேராசிரியர். பழந்தமிழர் யாழின் இயல்பைக் கணித முறையால் ஆராய்ந்த அவரது 'யாழ் நூல்' 1947 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அரங்கேறிற்று. அப்போது அவருக்கு வயது ஐம்பத்தைந்து. அடுத்த மாதமே அவர் மறைந்தார். அந்த ஆராய்ச்சியை அவரும் ஓய்வுக் காலத்துக்கென ஒத்திவைத்திருந்தால், நமக்கு அந்நூல் கிடைத்திராது.

இனிச் சோதனையின் முடிவைச் சொல்கின்றேன். பழமொழி பாதி உண்மை. ஏழு அலங்காரங்களையும் முதலாங் காலத்தில் வாசிக்கின்றேன். மூன்றாங் காலத்துக்கு என் விரல்கள் இணங்குவதில்லை. இனி இணங்கும் என்ற நம்பிக்கையும் இல்லை. நான் மேடையேறப் போவதில்லை. ஆனால் காது வளைந்துவிட்டது. முன்னர் கச்சேரி கேட்கும்போது இனிமையை மட்டும் அறிந்தேன். இப்போது வித்துவான் ஒருவர் ஒரு சுரத்தில் நின்று அசைக்கும்போது, அந்த அசைவின் பின்னே எத்தனை விடியற்காலைகள் உள்ளன என்பதையும் அறிகின்றேன்.

நேயர்களே, உங்களிலும் சிலர் இளமையில் ஒரு பாட்டையோ வாத்தியத்தையோ 'பிறகு' என்று ஒத்திவைத்திருப்பீர்கள். நல்லாசிரியர் ஒருவரைத் தேடுங்கள். நாளொன்றுக்கு அரைமணி நேரம் போதும். பிள்ளைகளோடு ஒரே பாயில் அமரக் கூசாதிருங்கள். உங்கள் வீட்டுச் சிறுவன் நாளை வந்து சங்கீதம் கேட்டால், அந்த ஒரு சொல்லை மட்டும் அவனுக்குச் சொல்லாதிருங்கள்.